பலகை வெடித்த சத்தம்

தங்கையைத் திரும்ப அழைத்துப் போக மாப்பிள்ளை வருகிறார் என்று அப்பா காலையிலேயே சொல்லிவிட்டார்.

"எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டா மனசுல இருக்கறதெல்லாம் கரைஞ்சிடும்."

"கரையறதுக்கு அது என்ன உப்பாப்பா?" என்றாள் அக்கா. அப்பா செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

தங்கை வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. வந்த அன்று உதடு கிழிந்திருந்தது. குளியலறையில் வழுக்கிவிட்டது என்றாள். அம்மா நம்பினாள். நம்பிவிடுவதுதான் சுலபம். அக்கா மட்டும் நம்பவில்லை.

அக்கா மரப்பட்டறையில் தச்சு வேலை பார்ப்பவள். பாலிஷ், பசை எதுவும் படாத தேவதாருப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து வாளித் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தாள். பலகையில் வைத்துச் சுட்ட மீன் என்றால் தங்கைக்கு உயிர். மாப்பிள்ளைக்குத்தான் விருந்து என்று அப்பா நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

சாயங்காலம் வீட்டின் பின்புறம் கரி கனன்றது. உப்பும் மிளகும் தடவிய பெரிய மீனைப் பலகையோடு கம்பி வலைமேல் வைத்தாள். வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை வந்து அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். யாரோடு பேசினாலும் பிரேக் எது, கிளட்ச் எது என்று சொல்லித்தருகிற குரல்.

"தீ அதிகம்க்கா. கொஞ்சம் கொறைங்க."

அக்கா விசிறியை இன்னும் வேகமாக வீசினாள்.

"நீங்களாவது சமைக்கறீங்க. உங்க தங்கச்சிக்குச் சுடுதண்ணி வெச்சாலே அடிப்பிடிக்கும்."

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு அக்காவுக்கு மாப்பிள்ளையின் பேச்சைவிடக் கசந்தது.

அப்போதுதான் தங்கை தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு பின்வாசற்படி தாண்டினாள். பலகையின் ஓரம் சூட்டில் பிளந்து 'டப்' என்று வெடித்தது. ஊறிய மரம் அப்படித்தான் வெடிக்கும். எல்லாரும் லேசாகத் திடுக்கிட்டார்கள். தங்கை தட்டுகளை அப்படியே விட்டுவிட்டாள். இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு, சுவரோடு ஒட்டிக் குந்திவிட்டாள்.

"இல்லங்க, இல்லங்க, இனிமே செய்ய மாட்டேங்க" என்றாள்.

பீங்கான் துண்டுகள் படியெங்கும் சிதறிக் கிடந்தன.

மாப்பிள்ளை சிரித்தார். "பாத்தீங்களா மாமா? இதே நாடகந்தான் அங்கயும்."

அக்கா இடுக்கியைக் கீழே போட்டுவிட்டு அவர்முன் வந்து நின்றாள்.

"எந்திரி."

"என்னக்கா, மரியாதை இல்லாம—"

"உனக்கு என்னடா மரியாதை? எந்திரிச்சு வெளிய போ!"

"அம்மாடி, வீட்டுக்கு வந்தவர…" என்று அப்பா எழுந்தார்.

"நீங்க பேசாதீங்கப்பா! அவ யாருக்குப் பயந்து தலையப் பொத்தினான்னு பாத்தீங்கல்ல? பாத்துட்டும் இவனுக்கு மீன் வெக்கணுமா?"

அம்மா தங்கையின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். மேலேறிப் போயிருந்த சட்டைக் கையைப் பார்த்தவள் பார்த்தபடியே இருந்தாள். பழைய அடித்தடங்கள், மஞ்சளாகிப்போனவை. "வழுக்கி விழுந்தேன்னியேடி" என்றாள்.

மாப்பிள்ளை சாவியை எடுத்தார். "இப்பக் கெளம்பறியா, இல்ல இங்கயே கெடக்கறியா?"

தங்கை சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"வரல."

"என்ன?"

"வரலன்னேன். காது கேக்கலயா?"

அவர் நாற்காலியை எட்டி உதைத்துவிட்டுப் போனார். தெருமுனை வரைக்கும் காரின் உறுமல் கேட்டது.

மீன் ஒருபக்கம் கருகியிருந்தது. இருந்தும் நால்வரும் உட்கார்ந்தார்கள். அக்காவுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. கோபம் போனவன்மேல் பாதி, எதிரே இருந்த அப்பாமேல் பாதி. அப்பா நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து, தங்கையின் தட்டுக்குக் கையை நீட்டினார்.

தங்கை தட்டை நகர்த்திக்கொண்டாள்.

"வேணாம்ப்பா. நானே எடுத்துக்கறேன்."