ஊற்றுக்காட்டுக்குக் கட்டிய பூ

"ஊத்துக்காட்ட வெட்டிட்டு எங்க புள்ளைங்க வாயில மண்ணையா ஊத்தப்போறீங்க? அதைச் சொல்லிட்டுப் போங்க கண்டாக்கையா!"

"கத்தாத காளியாயி. தொரை உத்தரவு. அந்த நாலு ஏக்கர்லயும் புதுத் தேயிலை வருது. நீ என்ன தோட்டத்துக்கு மொதலாளியா?"

"மொதலாளி பங்களாவுக்கு வேற மலையிலேருந்து கொழாய் வருது. எங்களுக்கு இந்தப் பீலி ஒன்னுதான். மேல மரத்த வெட்டுனா கீழ எப்படிங்க தண்ணி வரும்?"

"தண்ணி என்ன மரத்துலேருந்தா வருது? மண்ணுலேருந்துல்ல வருது," என்றார் தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு செல்லசாமி, புதிதாகக் கண்டுபிடித்தவரைப் போல.

நான் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே நின்றேன். குடம் நிறைந்துவிட்டால் நின்று கேட்க ஒரு காரணம் வேண்டாமா?

எங்கள் மேட்டு லயத்தில் வரிசையாக ஒட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களில் முப்பது குடும்பம். மலையில் ஊறும் தண்ணீரைத் தகரக் குழாய் வழியாக இறக்கியிருந்த அந்தப் பீலியடியில்தான் குடிப்பது, குளிப்பது, சண்டை போடுவது எல்லாம். ஊற்றுக்கு மேலே இருந்த துண்டுக் காட்டில் முந்தின துரைகள் யாரும் கை வைத்ததில்லை. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் ஆண்டு. பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதுக் கன்று நடுவதென்று இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கமெல்லாம் ஒரே வேகம். சும்மா கிடக்கும் மண்ணைப் பார்த்தாலே துரைமாருக்குக் கண் உறுத்தியது.

காளியாயியின் புருஷன் வீரய்யா தேயிலைச் சரிவில் கான் என்னும் வடிகால் வெட்டுகிறவர். மழைத் தண்ணீர் எந்தச் சரிவில் எப்படி இறங்கும், எங்கே கான் வெட்டித் திருப்பினால் மண் தங்கும் என்று அவருக்குத் தெரியும். நாலு பேர் முன்னால் பேசத்தான் வராது. அவர் பங்கையும் சேர்த்து இவள் பேசுவாள்.

காட்டுக்குள் பெரிய மரத்தடியில் ஊற்றுமுனி இருந்தார். கல்தான், ஆனாலும் முனி. அவரைக் கேட்காமல் கோடரி எடுக்க மாட்டோம் என்று மரம் வெட்டும் ஆட்கள் முரண்டு பிடித்தார்கள். வெள்ளையும் சிவப்புமாக இரண்டு பொட்டலம் கட்டி, ஒன்றை எடுத்துச் சாமியின் விருப்பம் கேட்கப் பூக்கட்டிப் பார்ப்பதென்று பேச்சு அடிபட்டது. அதை யார் முதலில் கண்டாக்கையாவின் காதில் போட்டது? நான்தான். யாரும் அனுப்பவில்லை. வாய் சும்மா இருக்கவில்லை, போனேன்.

அவர் கண்ணாடிக் கிளாசில் தேத்தண்ணீர் கொடுக்கச் சொன்னார். லயத்துப் பொம்பிளைக்குக் கண்ணாடிக் கிளாஸ்!

"பூவை யாரு கட்டுவாங்க மீனம்மா?"

"நான்தான் கட்டுவேங்க. எல்லா விசேஷத்துக்கும் நான்தானுங்களே."

"ஒன் காம்பரா ஒழுகுதுன்னு சொன்னியே. கீழ் லயத்துல கோடிக் காம்பரா காலியாத்தான் கெடக்கு."

அவ்வளவுதான் பேச்சு. இரண்டிலும் வெள்ளையை வை என்று அவர் சொல்லவேயில்லை. சொன்னார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவர் அத்தனை விவரமில்லாதவரில்லை, நானும் இல்லை.

வெள்ளை வந்தால் வெட்டலாம், சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். இரண்டு வெற்றிலைப் பொட்டலம் கட்டி முனி முன்னால் வைத்தேன். ஒன்றைத்தான் பிரிப்பார்கள். மற்றதைப் பிரிக்காமல் தண்ணீரில் விடுவது வழக்கம். சாமி ஒதுக்கியதை மனுஷன் பார்க்கக் கூடாது. அந்த வழக்கத்தை நம்பித்தான் இரண்டிலும் வெள்ளைச் செவ்வந்தியை வைத்திருந்தேன்.

"காளியாயியே எடுக்கட்டும். அப்பத்தான் யாருக்கும் சந்தேகம் வராது," என்றேன்.

என் நியாயத்தை எல்லாரும் மெச்சினார்கள்.

ஈரச் சீலையோடு வந்து கண்ணை மூடிக் கும்பிட்டாள். ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை. பூவை முனி முன்னாலேயே திரும்ப வைத்தாள்.

"முனியே குடுத்துட்டாரு. நான் யாரு தடுக்க?" என்று விலகி நின்றாள்.

மற்றதை ஊற்றில் விட்டேன். மறுநாள் கோடரிச் சத்தம் கேட்டது. விறகுக்குக் கிளை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் இரண்டு முறை போனேன். அந்த மாதமே கோடிக் காம்பராவுக்குக் குடியும் போனேன். கீழ் லயத்துக்குத் தண்ணீர் ஓடையிலிருந்து.

ஆனி மழையில் வேரில்லாத மலை இறங்கியது. வீரய்யா யாரும் சொல்லாமலே சரிவுக்குக் குறுக்கே இரண்டு கான் வெட்டிப் பார்த்தார். மழை கானையும் கொண்டுபோனது. பீலியில் தேத்தண்ணீர் நிறத்தில் சேறு வந்தது. அடுத்த மாசியில் நூலாக ஒழுகியது. ஒரு குடம் நிறைவதற்குள் மூன்று வீட்டுக் கதை பேசிவிடலாம். கீழே குடிபோயும் நான் அங்கேதான் போய் நிற்பேன்.

மேட்டு லயத்து வேலாயியின் கைப்பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்து பிழைத்த வாரம் அது.

"தள்ளி நில்லுடி! வெள்ளைய எடுத்துக் குடுத்த கைதானே அது? அந்தக் கையால பீலியத் தொடாத!" என்று வேலாயி காளியாயியின் குடத்தைத் தட்டிவிட்டாள்.

காளியாயியா இது என்று இருந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு நேரே என் காம்பராவுக்கு வந்தாள்.

"அக்கா, ஒன்னு கேக்குறேன், மறைக்காதீங்க. நீங்கதானே கட்டுனீங்க. இன்னொன்னுல செவப்பு இருந்துச்சா?"

தொண்டை அடைத்தது என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். அடைக்கவில்லை. சோறு வெந்ததா என்று கேட்டவளுக்குச் சொல்வதுபோல வந்தது.

"இருந்துச்சு காளியாயி. நானே வச்சேன். செவப்பு ரோசா."

ரோசா என்று சொல்லியிருக்கவே வேண்டாம்.

"அப்ப என் கைதான்," என்றாள். வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து விடியுமுன்னே ஓடையில் இரண்டு குடம் மொண்டு, மேடேறி, வேலாயியின் வாசலில் வைத்துவிட்டுத்தான் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனாள். வேலாயி தண்ணீரை எடுத்துக்கொண்டாள், வாயை மட்டும் குறைக்கவில்லை. ஓடைப் பாதை என் வாசல் வழியாகத்தான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், வெளியே வந்து அந்த இரண்டாவது குடத்தையாவது வாங்கியிருக்கலாம். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதில் மட்டும் நான் குறை வைத்ததில்லை.

எட்டு மாதம் சுமந்தாள். நான் சொல்லலாம் சொல்லலாம் என்று இருந்தேன். தீபாவளி கழியட்டும் என்று இருந்தேன். தீபாவளிக்கு முந்தின வாரமே வீரய்யா தோட்டத்தில் வேலையை விட்டு விலகும் பத்துச்சீட்டு வாங்கிக்கொண்டு இறம்பொடைப் பக்கம் வேறு தோட்டத்துக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். தட்டுமுட்டுச் சாமான் லொறியில் ஏறியபோது காளியாயி என்னிடம்தான் வந்து, "வர்றேன் அக்கா" என்றாள்.

செல்லசாமி ஹட்டனுக்குப் பக்கத்தில் பெரிய தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். வேலாயி வீட்டையும் இன்னும் பத்துக் குடும்பத்தையும் கீழ் லயத்துக்கு இறக்கினார்கள். நாலு ஏக்கரில் பாதிக் கன்று பட்டுப்போய்ப் புல் நிற்கிறது. என் மகள் லெட்சுமியை ஹட்டனில் முனாப் முதலாளி கடையில் வேலை செய்யும் பையனுக்குக் கட்டிக்கொடுத்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் ஒழுகாத வீடு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அறுபத்து நாலில் காளியாயி மகள் அழகம்மாவுக்குக் கல்யாணம். பஸ்ஸில் ஆள் வந்து வெற்றிலை பாக்கு வைத்து, "அம்மா உங்களைக் கட்டாயம் வரச் சொன்னாங்க," என்றான். காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். கல்யாணம் நல்லபடியாக நடந்ததாம். மாப்பிள்ளை கொழுந்து லொறி ஓட்டுகிறானாம். காளியாயியும் அவர்களோடுதான் இருக்கிறாளாம்.