பெரியம்மாவுக்குக் கட்டம் இல்லை

1

2025 ஆகஸ்டு 12, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அலுவலகத்தில், வரி முகவர் லோகன் தம்மிடம் வந்திருந்த குமுதாவிடம், ஏப்ரலில் அவர் சொந்தமாக நிரப்பி அனுப்பிய வருமான வரிப் படிவத்தில் பிழை இருப்பதாகத் தெரிவித்தார்.

அடுத்த நாற்காலியில் நான் இருந்தேன், மடியில் புத்தகக் கடை ரசீதுகளுடன். ‘நான் ஒட்டுக் கேட்கவில்லை’ என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அறை சிறியது, நானும் அவ்வளவு நல்லவனில்லை. பிறகு கீழே தேநீர்க் கடையில் குமுதாவிடம் அனுமதி கேட்டேன். பெயரை மாற்றச் சொல்லவில்லை (மாற்றிவிட்டேன்). ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“எழுதிக்குங்க அண்ணே. ஆனா பெரியம்மாவ அழ வைக்காதீங்க. கதையில வர்ற நம்ம பொம்பளைங்க எல்லாம் அழுதுக்கிட்டேதான் இருக்காங்க லா.”

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: ‘குமுதாவின் தாய்க்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது –’

நிறுத்துகிறேன். குமுதா செய்த பிழையையே நானும் செய்திருக்கிறேன்.

குமுதாவைப் பெற்றவர் ரமணி. மகளுக்கு மூன்று வயதிருக்கும்போது இறந்துபோனார். குழந்தையைப் பண்டமாரானில் உள்ள தம் வீட்டுக்குத் தூக்கிவந்து வளர்த்தவர் ரமணியின் அக்கா தங்கமணி. கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். 2024இல் கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவருக்கு முழங்கால் அறுவை நடந்தது, செலவு குமுதாவுடையது. வரிப் படிவத்தில் பெற்றோரின் மருத்துவச் செலவுக்கென ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதும் தொகைக்கு வரியில் கழிவு கிடைக்கும். குமுதா யோசிக்கவே இல்லை. எழுதினார்.

வீட்டில் கேக் செய்து விற்கத் தொடங்கியிருந்ததால், இனி வரி விவகாரத்தை லோகனே பார்க்கட்டும் என்று பழைய கோப்புடன் வந்திருந்தார். லோகன் மருத்துவமனை பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது யாரோட பில்லுமா?”

“அம்மாவோட பில்லுண்ணே.”

“பணம் கட்டுறவங்க உறவுன்னு ஒரு எடம் இருக்கு பாருங்க. ‘அனாக் சவுடாரா’ன்னு போட்டிருக்கு. நீங்க அவங்க தங்கச்சி பிள்ளையா?”

“பெரியம்மா. ஆனா அம்மாதான்.”

“எனக்குப் புரியுது. ஃபாரத்துக்குப் புரியாதே லா. பெத்தவங்களா இருக்கணும், இல்ல சட்டப்படி தத்து எடுத்தவங்களா இருக்கணும். தத்து பேப்பர் இருக்கா?”

“என்னைத் தூக்கிட்டுப் போறப்ப யாருண்ணே பேப்பர் கேட்டா?”

3

[இங்கே ஒரு கட்டுரை தலைகாட்டுகிறது; ஒரு பத்தி மட்டும் அனுமதிக்கிறேன். ‘பெரியம்மா’வுக்குள் அம்மா இருக்கிறார். மலாய்க்காரர்களின் ‘மாக் சவுடாரா’வுக்குள்ளும் ஒரு மாக், அதாவது அம்மா, இருக்கிறார். இரண்டு மொழிகளுக்கும் தெரிந்தது கட்டத்துக்குத் தெரியவில்லை. கட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். அது எல்லாருக்கும் ஒரே அளவில் இருந்தாக வேண்டும்.]

பிழையைத் திருத்த வழி உண்டு. குறித்த மாதங்களுக்குள், ஒரே ஒரு முறை, திருத்திய படிவம் அனுப்பலாம். (எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இது ஐந்தாவது வரைவு.) கூடுதல் வரியும் சிறு தண்டமும் கட்ட வேண்டும். அதற்குக் குமுதா முகம் சுளிக்கவில்லை. லோகன் அடுத்துச் சொன்னதுதான் அவரை நிறுத்தியது.

“எப்படித் தப்பாச்சுன்னு நாலு வரி எழுதிக் குடுங்க. கூடவே அனுப்பிடலாம். ‘இவர் என் தாய் அல்லர்’, அவ்வளவுதான்.”

குமுதா பேனாவை எடுத்தார். வைத்தார்.

“வேற மாதிரி எழுத முடியாதாண்ணே?”

இன்னொன்றும் அவரைக் குடைந்தது. மருத்துவமனையில் அந்த உறவைச் சொன்னது அவரல்ல. அவர் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோது, தங்கமணியே சொல்லியிருக்கிறார்.

4

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

குமுதா திருத்தாமலே விட்டுவிடுகிறார். யாரும் பார்க்கப்போவதில்லை என்று – இல்லை. அன்று அவர் முகத்தைப் பார்த்தவன் இதை எழுத முடியாது.

குமுதா இரகசியமாக எழுதுகிறார். கடிதம் தங்கமணியின் கையில் கிடைக்கிறது. அவர் கண்களில் – நிபந்தனை!

5

நடந்ததைக் குமுதா தொலைபேசியில் சொன்னார். மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்ன விஷயம் என்று தங்கமணியே கேட்டாராம். அப்போது அடுக்களையில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். குமுதா பாதியில் நிறுத்தியிருந்த கடிதத்தைப் படித்துக் காட்டினார்.

“இதுக்கா மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?”

“அம்மா இல்லன்னு எழுதணும்மா.”

“எழுது. பொய்யா? ஆஸ்பத்திரியில அந்த மலாய்ப் புள்ள கேட்டுச்சு, நானே அப்படித்தான் சொன்னேன். ரமணி பெத்த புள்ளடி நீ. கடுதாசில அவளுக்குன்னு இருக்கிறது அந்த ஒரு எடந்தான். அதுலயும் நான் போய் உக்காந்துக்கிட்டா அவ எங்க போவா?”

குமுதா கடிதத்தை மடித்தார்.

“கவுர்மெண்டுக்கு நான் பெரியம்மா. இந்த வீட்டுக்கு?”

“அம்மா.”

“அப்ப எந்திரிச்சு வந்து நெத்திலியக் கழுவு.”

தொலைபேசியில் குமுதா என்னிடம் சொன்னார்: “நான்தாண்ணே அழுதேன். அதுக்கு நான் கண்டிஷன் போடல. எழுதிக்குங்க.”

6

கடிதத்தின் நகலைக் குமுதாவே எனக்கு அனுப்பினார். தமிழில் தருகிறேன்: ‘தங்கமணி என் தாய் அல்லர், என் தாய் ரமணியின் அக்கா. மூன்று வயதிலிருந்து என்னை வளர்த்தவர். தாய் என்று நினைத்தே அந்தக் கட்டத்தை நிரப்பினேன். பிழைக்கு வருந்துகிறேன். அவருக்குச் செலவு செய்ய முடிந்ததற்கு நன்றியுடன் இருக்கிறேன்.’

“நன்றியெல்லாம் வரி ஆபீசுக்கு எதுக்குமா?” என்று கேட்ட லோகன், இன்னொரு முறை படித்துவிட்டு, “இருக்கட்டும் லா” என்றாராம்.

அந்தக் கடைசி வரியை எந்த மேசையில், யார் படித்தார் என்று ஒரு முடிவு எழுதலாம். எனக்குத் தெரியாது. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:

திருத்திய படிவமும் கடிதமும் ஆகஸ்டு 27 அன்று அனுப்பப்பட்டன. கூடுதல் வரியும் தண்டமும் செப்டம்பரில் கட்டப்பட்டன. கடிதத்துக்குப் பதில் வரவில்லை.