வலது நிலைக்கால்

...என் கண்ணுக்கு நேராக இருந்தால் போதும், உள்ளே வருகிறவர்களுக்கு வலது பக்கம், மேல் முனை வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும், எல்லாம் தெரியும், சுத்தியலைத்தான் இன்னும் ஓங்கவில்லை. அரை மணியில் பொழுது சாய்ந்துவிடும், இன்று வெள்ளி, சனிக்கிழமை ஓய்வு நாளுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டால் ஆணி அடிக்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினால் அடிக்கவே மாட்டேன், என்னை எனக்குத் தெரியாதா? விரல் நீளப் பித்தளைக் கூடு, உள்ளே தோலில் எழுதிய வேத வரிகள், போகிறவர் வருகிறவர் தொட்டு விரலை முத்தமிடுவார்கள், மெசூசா என்றால் இவ்வளவுதான், இதற்கா தம்பி டெஷோ காலையில் போனில் அப்படிக் கத்தினான்? "உள்பக்கமா அடிச்சுக்கோயேன்க்கா, கடவுளுக்கென்ன கண்ணா தெரியாது? வெளிய மாட்டினா எவனாவது கதவுல அசிங்கமா எழுதிட்டுப் போவான். அப்பா இருந்திருந்தா அவமானத்துலயே செத்திருப்பாரு." எதற்கெடுத்தாலும் அப்பா! ருஷ்யப் பட்டாளமே ஊரை விட்டுப் போய்விட்டது, இன்னும் யாருக்கடா பயப்படுகிறாய் என்றேன், போனை வைத்துவிட்டான். நான் கழுத்துச் சங்கிலியின் யூத நட்சத்திரத்தைச் சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டுதான் டிராமில் போகிறேன், நன்றாகப் பாருங்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான்... ஆனால் வீட்டு வாசலுக்கு வந்தால் மட்டும் முதுகுக்குப் பின்னால் ஏன் அப்பா நிற்கிறார்? செத்து ஏழு மாதமாகிறது, இந்த நேரமானால் மாடிப்படியில் அந்த இருமல், இரண்டாம் மாடி வரை வந்து நின்றுவிடுகிறது. வதைமுகாமிலிருந்து திரும்பி வந்த மனிதர், யூதர் என்ற சொல்லையே வீட்டில் சொன்னதில்லை, டிசம்பர் வந்தால் எல்லோரையும்போல கிறிஸ்துமஸ் மரம் வைத்து அலங்கரித்தார். வெட்கப்பட்டாயா அப்பா? எங்களைப் பார்த்தா, உன்னைப் பார்த்தா? டெஷோ சொல்வதுதான் சரியோ?

எதிர் வீட்டு பொரிஷ்கா கதவைத் திறந்து தலையை நீட்டுகிறாள், சத்தம் கேட்டால் போதும் அவளுக்கு. "என்னடி வில்மா அது, காலிங் பெல்லா?" "ஆமா, அமுக்கிப் பாருங்க, மேலேர்ந்து ஆள் வரும்." சிரிக்கிறாள், பிறகு சிரிப்பு அடங்கிப் பித்தளையையே பார்க்கிறாள். "அங்கதாண்டி உங்கப்பா எப்பவும் கைய வெச்சுட்டு நிப்பாரு, பாவம், மூணு மாடி ஏறி வர மனுசன்." கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். உண்மைதான், ஏன் நிற்கிறாய் என்று நாங்களும் கேட்டிருக்கிறோம், "மூச்சு வாங்குதுல்ல, விடுங்களேன்" என்பார், உள்ளங்கையை ஊன்றி ஒரு நிமிஷம் நிற்பார், பிறகு விரல்களால் மீசையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவார்.

முதல் அடி. ஆணி இறங்கவில்லை, பழுப்புப் பெயின்ட்தான் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுகிறது, அடியில் மரம் இல்லை, துளை அடைக்கும் மக்குப் பூச்சு. இரண்டு துளை, மேலே ஒன்று வீட்டுப் பக்கமாக, கீழே ஒன்று வெளிப் பக்கமாக, நான் பென்சிலால் குறித்த அதே சாய்வு. அடைத்து, கட்டை விரலால் அழுத்தி... ரேகை அப்படியே இருக்கிறது, நடுவே குறுக்காக ஒரு வெட்டுத் தழும்பு. அப்பாவுக்குக் கண்ணாடி வெட்டும்போது பட்ட தழும்பு, எத்தனை நாள் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறேன், எனக்கா தெரியாது? நீயேதானா? கழற்றியதும் நீயே, அடைத்ததும் நீயே. பழைய கூட்டை எங்கே வைத்தாய், யாரிடம் கொடுத்தாய், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, படுபாவி... ஜன்னலில் வெளிச்சம் சிவந்துவிட்டது, அடிப்பதானால் இப்போதே அடிக்க வேண்டும், அடித்தால் அந்த ரேகை உதிர்ந்துவிடும், அவருடையது என்று இந்த வீட்டில் வேறென்ன மிச்சம்? விரலை அதன்மேல் வைக்கிறேன், என்னையறியாமல் விரல் உதட்டுக்குப் போகிறது. மீசையைத் துடைப்பார். வேலைக்குப் போகும்போதும் இங்கே கையை வைப்பார், மீசையைத் துடைப்பார், பிறகுதான் படியிறங்குவார். கிளம்பும்போது எதற்கப்பா மூச்சு வாங்கும்?