எட்டு வாழ்த்துரைகளும் ஓர் அகராதியும்

மன்னாரில் இருக்கும் செலஸ்ரீனாவுக்கு அடுத்த வியாழக்கிழமை ஜப்பானிய மொழிப் பரீட்சை. சித்தியடைந்தால் ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். தவறினால் மறுபடி எப்போது இடம் கிடைக்குமென்று ஏஜென்சிக்காரனுக்கே தெரியாது.

அவளுடைய அக்கா றஜிதா இத்தாலியின் பலெர்மோவில், லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பராமரிக்கிறாள். சிஞ்ஞோரா மத்தியானம் உறங்கும் இரண்டு மணி நேரத்தில், தமிழர் ஜப்பானிய மொழி படிப்பதற்கென்று ஒரு செயலியைத் தனியாகவே உருவாக்கியிருந்தாள். பாடங்கள் இருந்தன, அகராதி இல்லை. தெரியாத சொல்லைத் தொட்டால் ஆங்கிலம் வந்து நின்றது. செலஸ்ரீனாவுக்கு ஆங்கிலமும் ஜப்பானியமும் ஒரே தூரம்.

ஆகவே ஆயிரத்து இருநூறு சொற்களுக்குத் தமிழில் எளிய பொருளும், வேலையில் புழங்கும் ஒரு வாக்கியமும் சேர்ப்பதென்று றஜிதா முடிவெடுத்தாள். ஞாயிறு பூசை முடிந்து வந்த பெண்களிடம் வாக்கியம் கேட்டாள். 'நெகாஏரி' என்றால் படுக்கையில் மறுபக்கம் திரும்புவது என்று அவள் சொன்னதுதான் தாமதம், பதினைந்து வருடமாகப் பலெர்மோவின் முதியவர்களைத் திருப்பிப் படுக்கவைத்தவர்கள் அத்தனை பேரும் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பத் தொடங்கினார்கள். மூன்று வாரத்தில் வேலை முடிந்தது.

முடிந்த வேலைக்கு ஒரு தலைமை வேண்டுமல்லவா? பலெர்மோத் தமிழர் சங்கத் தலைவர் அலோசியஸ் வந்து சேர்ந்தார். அவருடைய விசிற்றிங் கார்ட்டில் பெயருக்குக் கீழே ஐந்து பதவிகள் இருந்தன, ஆறாவதற்கு இடமும் விடப்பட்டிருந்தது. அகராதியைச் சங்கமே வெளியிடும் என்று அறிவித்து, ஞாயிற்றுக்கிழமைக்கு மண்டபமும் பிடித்துவிட்டார். வெளியீடு என்றால் வாழ்த்துரை இல்லாமலா? தலைவர், செயலாளர், பொருளாளர், முன்னாள் தலைவர், அவரோடு முகம் கொடுத்துப் பேசாத இன்னொரு முன்னாள் தலைவர் என்று எட்டுப் பேர் எழுதினார்கள். யாருடையது முதலில் வருவது என்பதற்கு மட்டும் இரண்டு கூட்டம் நடந்தது. ஆளுக்கொரு ஸ்ரூடியோப் படம் வேறு. பெண்களின் உழைப்பு ஒரு மேடை காணட்டுமே என்று றஜிதா எல்லாவற்றையும் செயலியில் ஏற்றி, சோதித்துப் பார்க்க முப்பது நாற்பது பேருக்கு அனுப்பினாள்.

மறுநாள் தங்கையின் குரல்பதிவு வந்தது. போனில் இடம் போதவில்லையாம். மகளின் ஞானஸ்நான வீடியோவை அழித்தும் போதவில்லையாம்.

"அக்கா, அந்த எட்டு முகத்தையும் வைக்க என்ரை போனிலை இடமில்லை. எனக்குச் சொல்லுகள் மட்டும் காணும்."

றஜிதா அன்றே அலோசியஸ் குடியிருக்கும் போர்கோ வெக்கியோப் பகுதிக்கு நடந்தாள். அவர் தன் வீட்டு வாசலில் நின்று விழாப் பதாகையின் நீளத்தை அளந்துகொண்டிருந்தார். வாழ்த்துரைகளைச் செயலியிலிருந்து எடுக்கப்போகிறேன் என்று அவள் சொன்னதும் அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

"தலைவற்றை செய்தி இல்லாமல் எங்கடை ஆக்கள் ஒரு கலண்டர்கூட அடிச்சதில்லை, பிள்ளை."

"கலண்டர் சுவரிலை தொங்கும், அண்ணை. இது தங்கச்சியின்ரை போனுக்குள்ளை போகவேணும். அவளுக்கு வியாழக்கிழமை சோதினை."

ஆட்கள் அகராதியைத் திறப்பதே சங்கத்தின் பெயரைப் பார்த்துத்தான் என்றார் அவர். றஜிதா தன் போனை எடுத்து, யார் எவ்வளவு வாசித்தார்கள் என்று செயலி வைத்திருந்த கணக்கைக் காட்டினாள்.

"திறந்தது முப்பத்தொரு பேர். உங்கடை செய்தியைக் கடைசி வரி வரைக்கும் வாசிச்சது ஒராள்."

"ஆர் அது?"

"நீங்கள்தான், அண்ணை. நாலு தரம்."

அலோசியஸ் அளவு நாடாவைச் சுருட்டினார். சிறிய படமாகவேனும், ஓர் ஓரத்திலேனும் என்று இறங்கி வந்தார். றஜிதா அசையவில்லை. மண்டபத்தில் எட்டையும் நீங்களே வாசியுங்கள், ஒருவரும் தடுக்கமாட்டார்கள் என்றாள். அந்த யோசனை அவர் முகத்தில் வெளிச்சம் போட்டது.

அன்று பின்னேரமே எட்டுப் பேரும் செயலியிலிருந்து நீங்கினார்கள். வாக்கியம் தந்த பெண்களின் பெயர்கள் மட்டும், படமில்லாமல், கடைசிப் பக்கத்தில் நின்றன. சனிக்கிழமை காலையில் அகராதி மன்னாருக்குப் போய்ச் சேர்ந்தது. அது தங்கையின் போனுக்குள் அடங்கியது.

ஞாயிறு மாலை மண்டபத்தில் அலோசியஸ் குத்துவிளக்கேற்றி, முந்தின நாளே வெளியாகிவிட்ட அகராதியை வெளியிட்டு வைத்து, முதல் வாழ்த்துரையைக் கையில் எடுத்தார். கடைசி வரிசையில் றஜிதா மடிக்கணினியைத் திறந்தாள். இரவிரவாகப் படித்த செலஸ்ரீனா, அகராதியில் கிடைக்காத பத்தொன்பது சொற்களை எழுதி அனுப்பியிருந்தாள். வியாழனுக்கு முன் அவை வேண்டும்.

மூன்றாவது வாழ்த்துரை முடியும்போது ஏழு சொற்கள் ஏறியிருந்தன. இன்னும் ஐந்து வாழ்த்துரைகள் இருந்தன. நேரத்துக்குக் குறைவில்லை.