கெடு இன்னும் முடியவில்லை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு தவறால். சென்னையில் ஒரு சட்ட நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். தொழிற்பேட்டைகளைப் பற்றிக் கட்டுரை எழுதித் தருமாறு ஒரு பத்திரிகை கேட்டிருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் வந்த அரசிதழ்த் தொகுதிகளைக் கேட்டேன். கொண்டுவந்து வைத்தது 1991ஆம் ஆண்டுத் தொகுதி. திருப்பிக் கொடுக்கச் சோம்பலாக இருந்தது. புரட்டினேன்.

ஸ்ரீபெரும்புதூர் தாலுகா, வடதாங்கல் கிராமம். (பெயரை மாற்றியிருக்கிறேன். அந்த ஊரில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.) பொது நோக்கத்திற்காகக் கீழ்க்கண்ட நிலங்கள் தேவைப்படுவதாக அரசு கருதுகிறது. கீழே சர்வே எண்கள், எல்லைகள், உடையவர்களின் பெயர்கள். கிழக்கே எல்லப்பன் புஞ்சை, மேற்கே ஏரிக்கரை, நடுவில் கிளியம்மாள்.

அந்த "நடுவில் கிளியம்மாள்" என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். கட்டுரை எழுதவில்லை. பத்திரிகை என்னை மறுபடி கூப்பிடவும் இல்லை.

[நீங்கள் கேட்கப்போவது தெரியும். முதல் வரைவைப் படித்த நண்பரும் கேட்டார்: "ஸ்ரீபெரும்புதூர், 1991. அந்த மே மாதச் சம்பவம் இல்லாமல் எப்படி?" அதைப் பற்றி நூலகம் நூலகமாக எழுதியாகிவிட்டது. அதே ஆண்டு, அதே தாலுகாவில், வேறு ஆட்களுக்கும் வேறு விஷயங்கள் நடந்தன. இது அந்தக் கதை. வேறு வேண்டுமென்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.]

2

முதல் தொடக்கம்: சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்தில் மாலை வெயில் பொன்னாய் இறங்கிக்கொண்டிருந்த

வேண்டாம். அந்த நிறுத்தத்தில் பொன்னாய் எதுவும் இறங்கியதில்லை. பெங்களூர் லாரிகளின் புகைதான் இறங்கியது.

இரண்டாவது தொடக்கம்: அமலா என்றொரு பெண்

இப்படித் தொடங்கினால் அடுத்து "இருந்தாள்" என்று வரவேண்டும். அமலா இருக்கிறார், மறைமலை நகரில். கிளியம்மாளைப் பற்றி ஊரில் கேட்டபோது சொன்ன பெயர் அவருடையது; தேடிப் போய்ப் பேசினேன். ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன்.

1991இல் அமலாவுக்கு இருபத்தாறு வயது. பக்கத்து ஊர் கோர்ட் வளாகத்தில், வக்கீல் சங்க நூலகத்தில் வேலை. கேட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுப்பது, தபாலில் வரும் அரசிதழ்களை அடுக்குவது, திருத்தச் சீட்டுகளை ஒட்டுவது.* வேலை முடிந்து பஸ்ஸில் சுங்குவார்சத்திரம் வருவார். அங்கே அவருடைய பெரியப்பா மகன் சாம்சன் டீக்கடை வைத்திருந்தார். கடைச் சுவரில் ஒரு கரும்பலகை. அதில் சாம்சன் வடை விலை எழுதுவது வழக்கம். ஒரு வாரம் அமலா அதை அழித்துவிட்டு, குத்தகைதாரர்களைப் பற்றி வந்திருந்த ஒரு தீர்ப்பைத் தமிழில் நாலு வரி எழுதினார்.

சாம்சன் திட்டவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் படித்தார்கள். படித்தவர்கள் சந்தேகம் கேட்டார்கள். கேட்டு முடிப்பதற்குள் இன்னொரு டீ சொன்னார்கள். அதன்பிறகு வாரா வாரம் "சட்டச் செய்தி" வந்தது. ரேஷன் கார்டு உத்தரவு, பட்டா மாறுதல் விதி, கூலி நிர்ணய அறிவிக்கை. வடை விலை வாயால் சொல்லப்பட்டது.

* சட்டத்தைத் திருத்தும்போது பழைய புத்தகத்தைத் தூக்கிப்போட முடியாது. மாறிய பகுதியை மட்டும் சீட்டாக அச்சடித்து அனுப்புவார்கள். அதைப் பழைய வரியின் மேல் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் புத்தகம் பொய் சொல்லும். இந்தக் கதையில் ஒரு புத்தகம் பொய் சொல்லும்.

3

ஆகஸ்டில், வழக்கம்போல் தாமதமாக, வடதாங்கல் அறிவிக்கை இருந்த அரசிதழ் நூலகத்துக்கு வந்தது. அமலாவின் ஊர் அது. சொந்த வீடும் அந்த எல்லைகளுக்குள் இருந்தது.

நிலம் எடுப்புச் சட்டத்தை எடுத்துப் படித்தார். ஆட்சேபணை சொல்லலாம், முப்பது நாளுக்குள் சொல்ல வேண்டும், அறிவிக்கை வெளியான நாளிலிருந்து கணக்கு. அரசிதழின் தேதியைப் பார்த்தார். முப்பது நாள் எப்போதோ கடந்திருந்தது.

அன்று பலகையில் எழுதினார்: வடதாங்கல் நிலங்கள் எடுக்கப்படுகின்றன. ஆட்சேபணைக்கான கெடு முடிந்துவிட்டது.

கிளியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. கணவர் இறந்தபின் தனியாகப் புஞ்சையில் வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்தார். சாம்சன்தான் பலகையைப் படித்துக் காட்டினார்.

"முடிஞ்சிபோச்சின்னா இன்னா அர்த்தம்?"

"இனிமே நாம ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு அர்த்தங்கா."

அந்த வாரம் தாண்டவராயன் வந்தார். நிலத் தரகர். கெடு முடிந்த செய்தி அவர் காதுக்கும் போயிருந்தது. சர்க்கார் இழப்பீடு எப்போது கொடுக்குமோ, கொடுக்குமோ கொடுக்காதோ, நான் இப்போதே தருகிறேன் என்றார். கிளியம்மாள் முன்பணம் வாங்கிக்கொண்டு விற்பனை ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தார். பக்கத்துப் புஞ்சை எல்லப்பன், மருமகன் ஊரிலிருந்து வரட்டும் என்று தள்ளிப்போட்டார்.

(இங்கே தாண்டவராயனுக்கு ஒரு தங்கப் பல் கொடுத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அமலா சொன்னார்: "பல்லெல்லாம் நல்லாத்தான் இருந்திச்சு. சிரிச்சா நம்பத் தோணும். அதாம்மா பிரச்சினையே.")

4

இனி வருவதை எழுத எனக்கு வழியொன்று தெரியும். நாயகி நூலகத்தில் தூசி தட்டும்போது கதிரொளி ஒரு காகிதத்தின் மேல் விழ

இல்லை. நடந்தது இது. கரையான் மருந்து அடிக்க அலமாரியை நகர்த்தச் சொன்னார்கள். பின்னால் ஒரு கட்டு கிடந்தது. அமலா வேலைக்குச் சேருவதற்கு முன்பே வந்த திருத்தச் சீட்டுகள், யாரும் பிரிக்கவில்லை. வேலை வேலைதானே என்று கோந்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நிலம் எடுப்புச் சட்டத்தின் சீட்டு கைக்கு வந்தது. எண்பத்து நாலாம் ஆண்டுத் திருத்தம். அரசிதழில் வந்தால் மட்டும் போதாது. இரண்டு செய்தித்தாள்களில் வர வேண்டும். ஊரிலும் அறிவிக்க வேண்டும். இவற்றில் எது கடைசியோ அந்த நாளிலிருந்துதான் முப்பது நாள்.

வடதாங்கலில் தண்டோரா போட்டது சில நாட்களுக்கு முன்புதான். அதை அமலாவே கேட்டிருந்தார்.

"கை நடுங்கிச்சா?" என்று கேட்டேன்.

"கோந்து கையி. ஒட்டிக்கிச்சு. சீட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்னு உக்காந்துகினு இருந்தேன்."

சங்கச் செயலாளர் வக்கீல் கோதண்டத்திடம் போய்ச் சொன்னார். கோதண்டம் சீட்டை முழுவதும் படித்தார். சரிதான் என்றார். பிறகு சொன்னார்:

"அமலா, இந்தப் பலகை விஷயம் எனக்குத் தெரியும். இதுவரைக்கும் கேக்கல. இப்ப கேக்கறேன். விட்டுடு."

"தப்பா எழுதிட்டேன் சார். திருத்தணும்."

"ஊரெல்லாம் போலீஸ் நிக்கிற நேரம். யாரு எழுதறான்னு கேட்டா, புத்தகம் எங்கேருந்துன்னு கேப்பாங்க. சங்கத்து மேல வரும். இது வக்கீலுங்க நூலகம். டீக்கடைக்கு இல்ல."

"புத்தகம் வக்கீலுக்கு, சரி. கெஜட்டு யாருக்கு சார்?"

"நீ எழுதினா நாளைக்கு வேலைக்கு வரவேணாம்."

[கோதண்டத்தை வில்லனாக்க மூன்று வரைவுகளில் முயன்றேன். வரவில்லை. பயந்தவர், அவ்வளவுதான். பின்னாளில் அமலாவின் திருமணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அமலா மன்னித்துவிட்டார். நான் மன்னிக்கவில்லை. கதையை எழுதுகிறவளுக்கு அந்த உரிமை உண்டு.]

5

சாம்சன் ஒரு யோசனை சொன்னார்: "பழசத் தொடச்சிட்டு புதுசா எழுதிடு. எவன் கேக்கப்போறான்?"

அமலா பழையதைத் துடைக்கவில்லை. அதன் மேல் ஒரு கோடு போட்டார். கீழே எழுதினார்: இது தவறு. எழுதியது நான்தான், அமலா. கெடு இன்னும் முடியவில்லை.

மறுநாள் வேலை போனது. அதைவிடப் பெரிதாக ஒன்று நடந்தது. கிளியம்மாள் வந்தார்.

டீக்கடையில் ஆட்கள் நிறைய. கிளியம்மாள் பலகைக்கு முன்னால் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"நீ எய்தின. நான் கைநாட்டு வச்சேன். இப்ப கோடு போட்டுட்ட. என் கைநாட்டு மேல யாரு கோடு போடுவா?"

சாம்சன் ஏதோ சமாதானம் சொல்ல வந்தார். "நீ இருண்ணே," என்று அமலா நிறுத்திவிட்டார்.

"தப்பு என்னுதுதாங்கா."

"அத்த வச்சிகினு நான் இன்னா பண்ணட்டும்?"

"பத்திரம் இன்னும் பதியல. ஒப்பந்தந்தான். நெலம் இன்னும் உன் பேர்லதான் இருக்கு. ஆட்சேபண நீ சொல்லலாம்."

"அந்தாளு வுடுவானா?"

"வுட மாட்டான்."

கிளியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தார். "எய்து," என்றார்.

தாண்டவராயன் வந்து மிரட்டினார். ஒப்பந்தம் போட்டவள் ஆட்சேபணை சொன்னால் வழக்குப் போடுவேன் என்றார். "போடு," என்றார் கிளியம்மாள். "எங்க வேணா போடு. எப்டியும் கோர்ட்டுக்குப் போவணும்னு ஆச்சி. ரெண்டா போவட்டும்."

வடதாங்கலே டீக்கடைக்கு வந்தது. ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரே மனு கொடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். கிளியம்மாள் ஒப்பவில்லை. தன் மனு தனியாக வேண்டும் என்றார். எல்லப்பனும் அதையே சொன்னார். கடைசியில் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கொடுத்தார்கள். அமலா எழுதினார், எழுதத் தெரிந்தவர்கள் தாங்களே எழுதினார்கள், சாம்சன் அந்த நாட்களில் யாரிடமும் டீக்குக் காசு கேட்கவில்லை. கெடுவுக்குள் எல்லா மனுக்களும் போய்ச் சேர்ந்தன.

6

முடிவு எப்படி என்று கேட்பீர்கள். என்னிடம் சில இருக்கின்றன.

(அ) அறிவிக்கை முழுவதும் ரத்தாகிறது. கிளியம்மாள் புஞ்சையில் கடலை பறிக்கிறார். இதைப் படித்த அமலா காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "நல்லாத்தான் கீது. நடக்கல."

(ஆ) அமலா சட்டம் படித்து வக்கீலாகிறார். அவரே சிரித்தார். "அந்தக் கறுப்புக் கோட்டப் போட்டுகினு வெயில்ல நிக்க என்னால ஆவாதும்மா." டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்தார். பிள்ளைகளுக்குப் பயிற்சி என்று சொல்லி அரசிதழைத் தட்டச்சு செய்ய வைத்தார்.

(இ) நடந்தது. குடியிருப்பும் ஏரிப் பாசன நிலமும் அறிவிக்கையிலிருந்து நீக்கப்பட்டன. ஆகவே வடதாங்கல் என்றொரு ஊர் இன்றும் இருக்கிறது. புஞ்சைகள் போயின. கிளியம்மாளுடையதும் போனது. ஆனால் இழப்பீடு தரகருக்குப் போகவில்லை. விசாரணையில் உடையவராக வந்து நின்றவர் கிளியம்மாள். அவர் பெயருக்கே வந்தது. தாண்டவராயன் போட்ட வழக்கு நிற்கவில்லை. இப்போது அந்த இடத்தில் கார் உதிரிபாகம் செய்கிறார்கள். மூன்று ஷிப்ட்.

நண்பர் சொன்னார்: "அப்படியென்றால் தோல்விதானே. அந்தத் தொழிற்சாலைச் சுவரைக் காட்டி முடித்துவிடு. மனசைப் பிசையும்."

பிசைய மாட்டேன். தொழிற்சாலைக்குக் கதையிலும் கடைசிப் பக்கத்தைக் கொடுக்க வேண்டுமா? நிலத்தைக் கொடுத்தது போதாதா? நான் வேறு இடத்தில் நிறுத்தப்போகிறேன். வரிசையில் அது முன்னால் வருகிறது. வரட்டும்.

7

ஆட்சேபணை விசாரணை, தாலுகா அலுவலகம். வராந்தாவில் வடதாங்கல்காரர்கள். விசாரணை அதிகாரி மனுக் கட்டைப் பார்த்தார்; வராந்தாவைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் ஒரே விஷயந்தானே? யாராவது ஒருத்தர் வந்து சொல்லுங்க. எல்லாருக்குமா சேத்து எழுதிக்கறேன்."

எல்லப்பன் எழுந்தார். ஊர் அவரைத்தான் அனுப்ப நினைத்திருந்தது. கிளியம்மாள் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"சார், என் நெலம் வேற, அவுரு நெலம் வேற. தனித்தனியாத்தான எடுக்கறீங்க? தனித்தனியா கேளுங்க."

"நாள் பத்தாதும்மா."

"நாளைக்கும் வர்றோம்."

அதிகாரி எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் புதுத் தாள் எடுத்தார். கிளியம்மாளை உள்ளே கூப்பிட்டார்கள். மனு கொடுத்தவர் மட்டும் என்றார்கள். அமலா வெளியே நின்றார். கதவு சாத்தப்பட்டது.

நெடுநேரம் திறக்கவில்லை.

உள்ளே கிளியம்மாள் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. அமலாவுக்கும் தெரியாது. திரும்பும்போது பஸ்ஸில் கேட்டிருக்கிறார். "சொல்ல வேண்டியத சொன்னேன்," என்று மட்டும் பதில். கிளியம்மாள் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த வாக்குமூலம் இருந்த கோப்பு விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டது என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.

அவருக்காக நான் மூன்று பேச்சுகள் எழுதினேன். ஒன்றில் மண்ணை அள்ளி மேசைமேல் போடுகிறார். ஒன்றில் புருஷனைப் பற்றிச் சொல்கிறார். மூன்றாவதில் சட்டம் பேசுகிறார். மூன்றும் நன்றாக வந்திருந்தன. மூன்றையும் கிழித்துவிட்டேன். கைநாட்டுக்காரிதானே என்று ஒரு முறை தரகர் அவர் இடத்தில் நிற்கப் பார்த்தார். ஊர் ஒரு முறை அவருக்கும் சேர்த்துப் பேசப் பார்த்தது. மூன்றாவது ஆளாக நானும் போய் நிற்கமாட்டேன்.

[                                        ]

அந்த இடம் அவருடையது. அதைத் தொடாதீர்கள். அடுத்த இடம் காலியாக இருக்கிறது, அது உங்களுடையது. உங்கள் பேரில் இருக்கும் ஒன்றை, வீடோ மனையோ வேலையோ, பொது நோக்கத்திற்காகத் தேவைப்படுகிறது என்று யாரோ கருதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்திருக்கிறது. அதிகாரி தலை நிமிரவில்லை. எழுத்தர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

சுருக்கமாகச் சொல்லுங்கள் என்பார்கள். சுருக்க வேண்டாம்.