முதலாளி படித்த ஒரே கடிதம்

அந்தத் தோல் பை கம்பெனியிலிருந்து பதினாலு வருஷமாக வெளிநாட்டுக்குப் போன அத்தனை கடிதத்தையும் எழுதியது டைப்பிஸ்ட் அக்காதான். கையெழுத்து மட்டும் முதலாளியுடையது. சாயங்காலம் நாலு மணிக்கு அடுக்கிக் கொண்டுபோய் வைப்பாள். மனுஷன் போனில் பேசிக்கொண்டே, ஒரு வரி படிக்காமல் மளமளவென்று போட்டுத் தள்ளுவார்.

அந்தப் பழக்கம்தான் போன வருஷம் காலை வாரிவிட்டது. கப்பலில் சரக்கு நனைந்தால் நஷ்டம் விற்றவருக்கே என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. அவள் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினாள். "டைப் அடிக்கறதோட நிறுத்திக்கோம்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ரெண்டு கன்டெய்னர் பையும் பூஞ்சை பிடித்துப் போனது. வாங்கியவர்கள் நேரில் வந்து நஷ்டஈடு கேட்டபோது, அவளை வைத்துக்கொண்டே, "அந்த வரி எங்க டைப்பிஸ்ட் பண்ணின கோளாறு" என்று இங்கிலீஷில் சொன்னார். அவளுக்குப் புரியாது என்று நினைத்தாரோ என்னவோ. அட, அவர் பேசுகிற இங்கிலீஷே அவள் எழுதிக் கொடுத்ததுதானே! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கே முடிவு பண்ணினாள், சர்வதேச வணிகத்தில் மேற்படிப்பு படிப்பதென்று.

"நாப்பத்தொரு வயசுல காலேஜா? எல்லாரும் சிரிப்பாங்க" என்றாள் தங்கச்சி.

"சிரிக்கட்டும். பல்லு அவங்களோடது."

விண்ணப்பத்தோடு முதலாளியின் சிபாரிசுக் கடிதம் வைக்க வேண்டும். நாளைக்குக் கடைசி நாள். கேட்டதற்கு, "வழக்கம்போல நீயே எழுதிக் கொண்டா" என்றார். எழுதினாள், உள்ளதை உள்ளபடி. நீட்டினால் போதும், பார்க்காமலே போட்டுவிடுவார். ஆனால் ஏமாற்றி வாங்கிய கையெழுத்தோடு போய் அந்த வகுப்பில் உட்கார அவளுக்கு மனசு வரவில்லை.

நாலு மணிக்குப் பதினோரு கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. பன்னிரண்டாவதின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இதைப் படிச்சுட்டுப் போடுங்க சார்."

"எல்லாம் சரியாத்தான் இருக்கும். கையை எடு."

"நீங்க போனை வைங்க, நான் கையை எடுக்கறேன்."

போனை வைத்தார். படித்தார். 'ஒப்பந்தத்தில் இருந்த ஆபத்தை இவர் முன்பே சொன்னார். நான் கேட்கவில்லை. பழியையும் இவர் மேல் போட்டேன்.' முதலாளியின் காது சிவந்துபோனது.

"இதுல எப்படிம்மா நான் கையெழுத்துப் போடறது?"

"பொய்யா இருந்தா போடாதீங்க."

"போடலைன்னா?"

"இந்த வருஷம் சீட்டு போயிடும். போகட்டும், அடுத்த வருஷம் திரும்ப எழுதிப் போடுவேன். ஆனா நாளையிலேருந்து உங்க லெட்டரை நீங்களே எழுதிக்கோங்க."

அவர் கடிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"இதெல்லாம் படிச்சு என்னதான் பண்ணப் போறே?"

"பை வாங்க வர்றாங்களே, அவங்க பக்கம் உக்காந்து நான் பேசணும் சார். எதிர்ல நீங்க இருப்பீங்க. அப்பவாவது படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அவர் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை வரி வரியாகப் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.