குதிரைக் கதவு

பாடப் பிடிக்காமலே குளியலறையில் பாடியிருக்கிறீர்களா? ஒரு பஸ் டிரைவரின் மனைவி தினமும் பாடினாள், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து. அந்த வீட்டுக் குளியலறைக்குக் கதவே கிடையாது, ஒரு பிளாஸ்டிக் திரைதான். உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரிய வேண்டுமே! டிரைவர் உள்ளே போனால் இருமுவான். கூடவே குடியிருந்த அவன் தம்பி விசிலடிப்பான். அவள் பாடுவாள். தொண்டை கட்டிக்கொண்ட அன்று சொம்பால் வாளியைத் தட்டிக்கொண்டே குளித்தாள்.

"என்ன அண்ணி, இன்னிக்குத் தாளம் மட்டுந்தானா? பாடகி லீவா?" என்று கூடத்திலிருந்து கேட்டான் கொழுந்தன். அவனோடு டீ குடித்துக்கொண்டிருந்த கூட்டாளிகள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். உள்ளே தலையில் தண்ணீர் சொட்ட நின்றவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

கதவு கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"அவசியம் வேற, ஆசை வேற. அதான் திரை இருக்குல்ல? வரவுக்குள்ள வாழக் கத்துக்கோ" என்பான் டிரைவர்.

கற்றுக்கொள்ளாமல் என்ன? ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் ஈரப் போர்வைகளோடு மல்லுக்கட்டி வாங்கும் சம்பளத்தை அப்படியே அவன் கையில் கொடுத்தாள். செருப்பு வார் அறுந்தால் ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டாள். புதுச்செருப்பும் ஆசைக் கணக்கில்தான் இருந்தது.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், கூடத்துச் சுவரில் ஒரு கதவு சாய்ந்திருக்கிறது! தேக்கு. பித்தளைக் கைப்பிடி. குறுக்கே ஒரு குதிரை பாய்ந்தோடுகிற மாதிரி செதுக்கல். மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது.

"குளிக்கிற எடத்துக்கு இவ்வளவு பெரிசு எதுக்குங்க?"

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"குளிக்கிற எடத்துக்கா? நல்லாச் சொன்ன போ! இது வாசலுக்கு" என்றான் டிரைவர்.

"வாசக்கதவுக்கு என்ன கேடு? நல்லாத்தான சாத்துது?"

"டெப்போவுல என்கூட இருக்கறவன் யானை செதுக்கி மாட்டியிருக்கான். நாலு பேர் வந்து போற வீடு, ஒரு கௌரவம் வேணாமா? இது அவசியம்."

அவள் சாப்பாட்டுப் பையைத் தரையில் வைத்தாள்.

"நாலு பேர் கண்ணுல படாம குளிக்கணும்னு நான் கேட்டா அது ஆசை. நாலு பேர் கண்ணுல படணும்னு நீங்க வாங்கினா அது அவசியமா? எந்த ஊர் நியாயம் இது?"

"அண்ணி பாடறதவிட பேசறது நல்லாருக்கு" என்றான் கொழுந்தன்.

"நீ வாய மூடு தம்பி. நீ சிரிச்ச சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு." மறுபடி புருஷன் பக்கம் திரும்பினாள். "சரி, கழட்டற பழைய கதவையாவது அங்க மாட்டுங்க."

"அத தச்சர் எடுத்துக்கறாரு, கூலியில கழிச்சாச்சு. காலையில வருவாரு. டீ போட்டுக் குடு."



மறுநாள் காலை டிரைவர் முதல் பஸ் எடுக்கப் போய்விட்டான். கொழுந்தன் தூங்கிக்கொண்டிருந்தான். தச்சர் வந்தார். அவள் டீ போட்டுக் கொடுத்தாள்.

"அண்ணே, வாசக்கதவு அப்படியே இருக்கட்டும். குளிக்கிற எடத்துக்கு அளவெடுத்து, இத அறுத்து மாட்டுங்க."

"ஏம்மா, குதிரை போயிருமே!"

"இதுல பாதி என் சம்பளம். என் பாதிய அறுத்துக் குடுங்க."

"டிரைவர் வந்து கேட்டா?"

"கேக்கட்டும்."

தச்சர் அறுத்தார். குதிரையின் வாலும் பின்னங்கால்களும் தனிப் பலகையாகக் கூடத்தில் கிடந்தன. முன்பாதியைக் குளியலறையில் மாட்டி, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் வைத்துவிட்டுப் போனார். அவள் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, பாடாமல் குளித்தாள்.